வேகமா, ஆயுளா?

(மடிக்கணினியின் கிராபிக்ஸ் கார்டு குறித்து ஒரு சிந்தனை)

மூன்றாமாண்டு இளம் அறிவியல் - இயற்பியல் மாணவர்

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். புடவைக் கடைக்குப் போகும் நம் தாய்மார்கள் துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள். சாயம் போகுமா என்று கேட்காமல் எடுக்கமாட்டார்கள். கால் கிலோ கத்திரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் மக்கள் நாம். ஆனால் அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மடிக்கணினி வாங்கப் போகும்போது மட்டும் "இது எத்தனை ஆண்டு உழைக்கும்?" என்ற கேள்வியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். விந்தையாக இல்லையா?

எங்கள் வீடு கோட்டூர்புரத்தில். காந்தி மண்டபம் சாலையில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் எங்களுக்கு நடக்கும் தூரம். சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் போட்டித் தேர்வு எழுதும் அண்ணன்மாரும் அக்காமாரும் கல்லூரி மாணவரும் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். வெளியே தேநீர் குடிக்க வரும்போது பேச்சு அந்த மடிக்கணினிகளைப் பற்றித் திரும்பும். "என்ன கார்டு? 4050ஆ, 4060ஆ? எத்தனை ஜி.பி.?" என்று கேட்பார்கள். விளையாட்டில் நொடிக்கு எத்தனை சட்டகம் ஓடுகிறது என்று கேட்பார்கள். "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? இதுவரை பழுது பார்த்தாயா?" என்று ஒருவர் கேட்டு நான் அறியேன்.

அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை கேட்க விரும்புகிறது. மூன்றாண்டுப் படிப்புக்கு ஒரே ஒரு மடிக்கணினிதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள மாணவன், கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அன்று, நம்பகத்தைத்தான். தனிக் கார்டு தனக்குத் தேவையில்லை என்றால் அதை வாங்காமல் இருப்பதே அந்தத் தேர்வின் முதற்படி. இது என் துணிபு. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெயர்தான் கார்டு

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு என்பது உண்மையிலேயே ஒரு கார்டு. உறையிலிருந்து கடிதத்தை எடுப்பதுபோல அதைப் பிடுங்கி எடுக்கலாம், புதியதைச் செருகலாம். பழுதானால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் செலவு. மடிக்கணினியிலோ, மிகப் பெரும்பாலானவற்றில், அது கார்டே அன்று. தாய்ப்பலகையின் மேல் நேரடியாகப் பற்றவைக்கப்பட்ட ஒரு சில்லு. அதைச் சுற்றிச் சில நினைவகச் சில்லுகள். மேலே வெப்பத்தை ஏந்திச் செல்லும் செப்புக் குழாய். அதன் முனையில் ஒரு சிறு விசிறி. பெயர் மட்டும் பழைய பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதன் பொருள் என்ன? அந்தச் சில்லு போனால் தாய்ப்பலகையே போன மாதிரி. தாய்ப்பலகை என்பது மடிக்கணினியின் விலையில் பெரும்பங்கு. கட்டிலின் ஒரு கால் உடைந்தால் காலை மாற்றலாம். வீட்டின் அடித்தளம் வெடித்தால் என்ன செய்வது? மடிக்கணினியில் கிராபிக்ஸ் சில்லின் இடம் அடித்தளத்தின் இடம். ஆகவே மேசைக் கணினிக்குப் பொருந்தும் அறிவுரை மடிக்கணினிக்குப் பொருந்தாது. "இப்போது வாங்கு, பிறகு மாற்றிக்கொள்" என்று இங்கே சொல்ல முடியாது. வாங்கும் அன்று எடுத்த முடிவுதான் கடைசி நாள் வரைக்கும்.

சூடும் விரிவும்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இந்தப் பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பொருள்கள் சூடேறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதையும் படித்தோம். இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் ஈருலோகப் பட்டை இதற்குச் சான்று. ஓர் உலோகம் அதிகம் விரிய, மற்றது குறைவாக விரிய, பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இஸ்திரிப் பெட்டியில் நன்மை செய்யும் அதே குணம் கிராபிக்ஸ் சில்லில் பகையாகிவிடுகிறது.

சில்லு சிலிக்கானால் ஆனது. அது கவிழ்த்து வைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான நுண்ணிய பற்றாசுப் புள்ளிகளால் ஓர் அடித்தட்டின் மேல் ஒட்டப்படுகிறது. அடித்தட்டோ கண்ணாடி இழையும் பிசினும் செம்பும் சேர்ந்தது. ஒரு பாகை செல்சியஸ் சூடேறும்போது சிலிக்கான் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு நீளும். அடித்தட்டு ஏறத்தாழ 15 பங்கு நீளும். வேறுபாடு 12 பங்கு. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து விளிம்பு வரை 5 மில்லிமீட்டர். சில்லு 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறுகிறது என்போம். பெருக்கிப் பார்த்தால் விளிம்பில் உள்ள புள்ளியின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றையொன்று 3 மைக்ரான் அளவுக்கு இழுக்கின்றன.

மூன்று மைக்ரான்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்தப் புள்ளியின் உயரமே நூறு மைக்ரானுக்கும் குறைவு. குடைக் கம்பியை ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்றோ ஒரு நாள் "பட்" என்று முறியும். அதேதான் இங்கும். இந்த இழுவையைத் தாங்கிக்கொள்ளச் சில்லுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு பிசினை நிரப்புகிறார்கள். அந்தப் பிசின் நல்லதாக அமைந்தால் சில்லு பல்லாண்டு வாழும். சூட்டில் இளகிவிடும் பிசினாக அமைந்தால் புள்ளிகள் தனியே நின்று இழுபட்டு, மெல்லிய விரிசல் கண்டு, இறுதியில் தொடர்பு அறுந்துவிடும்.

மேசைக் கணினியைக் காலையில் போட்டு மாலையில் நிறுத்துவோம். மடிக்கணினியை அப்படியா செய்கிறோம்? வகுப்பில் திறக்கிறோம், மூடுகிறோம், நூலகத்தில் திறக்கிறோம், மூடுகிறோம், இரவு மறுபடியும். நாளொன்றுக்கு நான்கு முறை என்று வைத்து, ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டால் மூன்றாண்டில் 3,600 முறை அந்தக் கம்பி வளைகிறது. போதாக்குறைக்கு நம் ஊர் வெப்பம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை வெயில் அடித்தது. அக்கினி நட்சத்திரத்தில் குளிர்சாதன வசதி இல்லாத வீட்டில், மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள அறையில், தலையணை மேல் மடிக்கணினியை வைத்து வேலை செய்யும் மாணவனின் சில்லு எவ்வளவு சூட்டில் தவிக்கும்? குளிர்ந்த நாட்டில் அளந்து விளம்பரத்தில் போட்ட எண்கள் இந்த அறைக்கு எப்படிப் பொருந்தும்?

2008 புகட்டிய பாடம்

"இதெல்லாம் ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் வரலாற்றை நினைவூட்ட வேண்டும்.

கிராபிக்ஸ் சில்லுகளில் உலகின் முதல் வரிசையில் நிற்கும் என்விடியா நிறுவனம் 2008 ஜூலை 2 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. தன்னுடைய முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சில்லுகள் சில, வழக்கத்துக்கு மீறிய விகிதத்தில் பழுதாகின்றன என்றும், அவற்றைச் சரிசெய்ய 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாகவும் அதில் கூறியது. மூல காரணத்தை உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்றும், சில்லையும் அதன் பொதியையும் சேர்க்கும் பொருள்களின் பலவீனம், மடிக்கணினியின் வெப்ப வடிவமைப்பு, பயன்படுத்துவோரின் பழக்கம் ஆகிய மூன்றும் பங்கு வகிப்பதாகத் தெரிகிறது என்றும் சொன்னது.

மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதும் எடுத்துச் செல்வதும்தான் அதன் பயன். அந்தப் பயனே பழுதுக்குப் பங்காளி என்றால், வாங்கியவன் அதை என்ன செய்ய வேண்டும்? பூசையறையில் வைத்துப் பொட்டு வைக்க வேண்டுமா?

டெல் நிறுவனம் பாதிக்கப்படக்கூடிய மாடல்களின் பட்டியலை வெளியிட்டு, விசிறியை அதிக நேரம் ஓடச் செய்யும் பயாஸ் மாற்றத்தை வழங்கியது. எச்.பி. நிறுவனம் சில மாடல்களுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டியது. ஆப்பிள் நிறுவனம் 8600எம் ஜி.டி. சில்லு பொருத்திய மேக்புக் புரோக்களை, உத்தரவாதம் முடிந்திருந்தாலும், வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் இலவசமாகப் பழுது நீக்குவதாக 2008 அக்டோபரில் அறிவித்தது. பின்னர் அந்தக் காலத்தை 4 ஆண்டுகள் வரை நீட்டியது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து கலிபோர்னியா நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது. டெல், எச்.பி., ஆப்பிள் மடிக்கணினிகளில் குறிப்பிட்ட மாடல்களை வைத்திருந்தோருக்குப் பழுதுநீக்கமோ மாற்றுக் கணினியோ கிடைத்தது.

ஒரு செய்தியை இங்கே அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அந்தச் சமரசம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கானது. அதே சில்லு பொருத்திய மடிக்கணினியைச் சென்னையிலோ சேலத்திலோ வாங்கியவர் அந்த வழக்கின் பயனாளி அல்லர். பழுதுக்குத் தேச எல்லை இல்லை, பரிகாரத்துக்கு உண்டு!

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அன்று. 2011ஆம் ஆண்டு மாடல் மேக்புக் புரோக்களில் இருந்தவை ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியான் சில்லுகள். அவற்றிலும் திரையில் கோடுகள் விழுவதும், திரை உருக்குலைவதும், கணினி தானே மறுதொடக்கம் ஆவதும் பரவலாயின. 2015 பிப்ரவரியில் ஆப்பிள் அவற்றுக்கும் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. வாங்கியவர்கள் காத்திருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 2011இல் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவன் 2014இல் பட்டம் பெற்று வெளியேறிய பிறகுதான் அந்தத் திட்டமே வந்தது. ஆகவே "பெரிய பெயர், விலை அதிகம், ஆகையால் நம்பலாம்" என்ற கணக்கு தப்பு. இந்த இரு நிகழ்ச்சிகளிலும் சிக்கியவை மலிவுச் சரக்குகள் அல்ல.

ரிச்சி தெருவில் கேட்டது

என் வகுப்புத் தோழன் ஒருவன் பழைய மடிக்கணினி ஒன்றை வைத்திருந்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். திரை கறுத்துப்போய்விட்டது, விசிறி மட்டும் சுற்றுகிறது. அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு இருவரும் போனோம். மாடிப்படியின் கீழ் ஒரு சிறு கடை. பழுது பார்க்கும் அண்ணன் பலகையைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"சிப்பு போச்சு தம்பி. சூடு காட்டுனா ஓடும். ஆனா நிக்காது" என்றார்.

"எவ்வளவு நாள் ஓடும், அண்ணே?"

"பதினஞ்சு நாளும் ஓடலாம், மூணு மாசமும் ஓடலாம். இது ஒத்தடம் குடுக்குற மாதிரி. எலும்பு முறிஞ்சிருக்கு, ஒத்தடத்துல கூடுமா? புது சிப்பு போடலாம். ஆனா புதுசுன்னு வர்றதெல்லாம் புதுசு இல்ல. வேற பலகையில இருந்து எடுத்துச் சுத்தம் பண்ணி விக்கிறாங்க. போர்டு மாத்துனா பாதி விலை ஆயிடும். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

பொய் சொல்லிப் பணம் வாங்கியிருக்கலாம். அவர் உண்மையைச் சொன்னார். சூடு காட்டுவது, புள்ளிகளை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது ஆகிய இரண்டும் பெரும்பாலும் சில்லின் உள்ளே உள்ள விரிசலைத் தொடுவதில்லை. அடித்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே உள்ள வெளிப் புள்ளிகளைத்தான் புதுப்பிக்க முடியும். உள்ளே அறுந்தது சூட்டில் சிறிது நேரம் ஒட்டிக்கொள்கிறது, மறுபடி அறுகிறது. என் தோழன் அன்று அந்தக் கணினியைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். அந்தப் பருவத்துக்குரிய செய்முறைப் பதிவேட்டையும் கணக்குகளையும் கைப்பேசியின் சிறு திரையில் பார்த்துப் பார்த்துத்தான் முடித்தான். அவனுடைய தாயார் சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்த கணினி அது. சீட்டுப் பணம் இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டியிருந்தது. கணினி போய்விட்டது, தவணை போகவில்லை.

நம் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலருக்கு நம்பகம் என்பது இதுதான். வசதி உள்ளவனுக்கு ஒரு பழுது என்றால் ஒரு வாரத் தொல்லை. வசதி இல்லாதவனுக்கு அது ஒரு பருவத் தேர்வு.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

தனி கிராபிக்ஸ் கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்சித் தொடர்பியல் படிப்பவர் முப்பரிமாண உருவங்கள் செய்ய வேண்டும். நீளமான ஒளிப்படங்களைத் தொகுக்க வேண்டும். கணினி அறிவியல் படிப்பவர் சிலர் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க வேண்டும். அவர்களுக்கு அது கருவி, தச்சனுக்கு உளிபோல.

ஆனால் வரலாறும் பொருளியலும் தமிழும் வணிகவியலும் படிப்பவருக்கு? ஏன், இயற்பியலும் கணிதமும் படிக்கும் எங்களுக்கே? கட்டுரை எழுத, கணக்குத் தாள் போட, நிரல் எழுதிப் பழக, இணைய வகுப்பு பார்க்க, திரைப்படம் பார்க்க எல்லாவற்றுக்கும் செயலியின் உள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் போதும். 2011 முதலே இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் செயலியையும் கிராபிக்சையும் ஒரே சில்லில் செய்து தருகின்றன. அதற்கெனத் தனிச் சில்லு இல்லை, தனி நினைவகம் இல்லை, அத்தனை சூடும் இல்லை. உறுப்பு குறைந்தால் பழுதாகும் இடமும் குறையும். மின்கலமும் நெடுநேரம் நிற்கும். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும்.

உள்ளிணைந்த கிராபிக்ஸ் என்றால் பழுதே வராது என்று வாதிட மாட்டேன். 2008இல் பழுதானவற்றில் தாய்ப்பலகைத் துணைச்சில்லோடு சேர்ந்த கிராபிக்சும் இருந்தது. என்றாலும் 80 வாட், 100 வாட் சூட்டை விரல் பருமனுள்ள பெட்டிக்குள் அடைப்பதற்கும், 15 வாட், 28 வாட் சூட்டை அடைப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? குறைந்த சூடு, குறைந்த இழுவை; முன்பு போட்ட கணக்கு சொல்வதும் இதைத்தான்.

"எதிர்காலத்தில் தேவைப்படலாம், இப்போதே வாங்கி வைத்தால் என்ன?" என்பது கடைக்காரர் சொல்லும் வாதம். நெல் அறுவடைக்கு முன்பே யாராவது சாக்கு வாங்கி மழையில் வைப்பார்களா? கிராபிக்ஸ் சில்லு வங்கியில் போட்ட வைப்புத்தொகை அன்று, வட்டி போட்டு வளர. வாங்கிய நாள் முதல் தேயும் பொருள். தேவை வரும் நாளில் புதியது இதைவிட நன்றாகவும் இருக்கும். இடையில் எப்போதாவது ஒரு மாதிரியை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் கொலாப் போன்ற சேவைகள் ஓர் அளவுவரை கிராபிக்ஸ் சில்லுகளை இலவசமாகவே பயன்படுத்த விடுகின்றன.

வாங்கியே ஆக வேண்டுமெனில்

தனிக் கார்டு கட்டாயம் தேவைப்படும் நண்பர்களுக்குச் சில கேள்விகளைப் பரிந்துரைக்கிறேன். கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதலாவது, வாட் எவ்வளவு? ஒரே பெயருள்ள சில்லு எல்லா மடிக்கணினியிலும் ஒரே சில்லு அன்று. எடுத்துக்காட்டாக, என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 மடிக்கணினிச் சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம். மெல்லிய பெட்டிக்குள் அதிக வாட் வைத்தால் சூடு ஏறும். தடித்த பெட்டிக்குள் மிதமான வாட் வைத்தால் சில்லு இளைப்பாறும். அழகுக்காக மெல்லியதை எடுப்பவர் ஆயுளை விலையாகக் கொடுக்கிறார்.

இரண்டாவது, சூடான காற்று எங்கே வெளியேறுகிறது? திரையின் கீல் அடியிலா, பக்கவாட்டிலா, பின்புறமா? விசிறி ஒன்றா, இரண்டா? அடி மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து ஆண்டுக்கொரு முறை தூசி தட்ட முடியுமா? நம் ஊர்த் தூசியில் இரண்டு கோடை கடந்தால் விசிறியின் வாயில் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? ஓராண்டு என்றால் மூன்றாக நீட்ட என்ன விலை? தாய்ப்பலகை அதில் அடங்குமா? சேவை மையம் சென்னையில் மட்டுமா, விடுமுறைக்கு நாம் போகும் திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் உண்டா? ஐயாயிரம் ரூபாய் கூடுதல் வேகத்துக்குக் கொடுப்பதா, மூன்றாண்டு உத்தரவாதத்துக்குக் கொடுப்பதா என்ற நிலை வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதற்கே கொடுப்பேன்.

நான்காவது, இந்த மாடல் சந்தைக்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்று? புதிதாய் வந்த அன்றே வாங்குகிறவர் கம்பெனிக்காகச் சோதனை ஓட்டம் ஓட்டுகிறார். ஓராண்டு உழைத்த மாடலாகப் பார்த்து, ஏற்கெனவே வைத்திருக்கும் சீனியர் மாணவர்களிடம் விசாரித்து வாங்குவது நல்லது. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் சொன்னது ஆட்களைத் தேர்வது பற்றி. பொருள்களுக்கும் அது பொருந்தும்.

ஐந்தாவது, பில். வரியோடு, வரிசை எண்ணோடு பில் வாங்குங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் பகுதி அதில் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஆனால் பில் இல்லாதவனுக்குச் சட்டம் எப்படித் துணை நிற்கும்?

இவற்றோடு ஒன்று: வாங்கிய பின் மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காதீர்கள். நாற்பது ரூபாய்ப் பரீட்சை அட்டை ஒன்று அடியில் இருந்தாலே காற்று ஓடும்.

கல்லூரியும் அரசும்

தனி மனிதன் கவனமாக இருந்தால் போதுமா? போதாது. இரு தரப்பினரிடம் இரு கோரிக்கைகளை வைக்க விரும்புகிறேன்.

முதற் கோரிக்கை நம் கல்லூரிகளுக்கு. நாற்பது மாணவர் ஆளுக்கு முப்பதாயிரம் கடன் வாங்கித் தனிக் கார்டு உள்ள மடிக்கணினி வாங்குவதைவிட, ஆய்வுக்கூடத்தில் நல்ல கிராபிக்ஸ் கார்டு பொருத்திய மேசைக் கணினி நான்கோ ஐந்தோ இருந்தால், முறை வைத்துப் பயன்படுத்தலாம். மேசைக் கணினியில் காற்று தாராளமாக ஓடும். கார்டு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். அடுத்தடுத்த ஆண்டு மாணவருக்கும் அது பயன்படும். வேதியியல் துறையில் ஒவ்வொரு மாணவனும் தராசு வாங்குவதில்லையே! விலையுயர்ந்த கருவி பொதுவில் இருப்பதுதான் கல்விக்கூடத்தின் அறம்.

இரண்டாவது கோரிக்கை அரசுக்கு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடையாற்றின் அக்கரையில் நந்தனத்தில் அலுவலகம் கொண்ட எல்காட் நிறுவனத்தின் வழியே, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவருக்குச் சென்றன. 2025 மார்ச்சில் வந்த நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குகிறவருக்குச் சந்தையில் ஒரு பலம் உண்டு. ஒப்பந்தப்புள்ளியில் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் எழுதுவதோடு நில்லாமல், 40 பாகை வெப்பமுள்ள அறையில் ஓடிக் காட்ட வேண்டும், பட்டப்படிப்புக் காலம் முழுவதும் தாய்ப்பலகைக்கு உத்தரவாதம் வேண்டும், எத்தனை பழுதாகி வந்தன என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று எழுதினால் என்ன? தனி ஒருவன் கேட்டால் சிரிப்பார்கள். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

இது ஆகாத ஆசை அன்று. பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களின் மேல், பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்க உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. 2025 மே மாதத்தில், கைப்பேசி முதலியவற்றுக்குப் பழுதுநீக்க மதிப்பெண் வழங்குவது பற்றி ஒரு குழு அத்துறையிடம் அறிக்கை அளித்தது. மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திரம் ஒட்டும் முறைக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கும் நம் வீட்டாரும் பழகிவிட்டார்கள். உழைப்புக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டினால் மாணவர் கண்ணுக்கு அது தெரியாமலா போகும்?

நிறைவாக

நண்பர்களே! புதுமையை வெறுக்கச் சொல்லவில்லை. விளையாட்டை வேண்டாம் என்று உபதேசம் செய்யவும் இல்லை; நானும் விளையாடுகிறவன்தான். நாம் வாங்கும் பொருளின் பின்னால் ஒரு தாயின் சீட்டுப் பணமோ, ஒரு தந்தையின் கூடுதல் நேர வேலையோ, ஒரு கல்விக் கடனோ இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நாம் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

வருகிற சூன் மாதம் புதிய மாணவர்கள் நம் கல்லூரிக்கு வருவார்கள். "அண்ணா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று நம்மிடம் கேட்பார்கள். கார்டின் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "நீ என்ன படிக்கப் போகிறாய் தம்பி? வீட்டில் எவ்வளவு முடியும்? மூன்று வருஷம் தாங்குமா என்று கேட்டாயா?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியை நூறு பேர் கேட்டால் கடைக்காரர் விடை தேடுவார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி விடை எழுதி ஒட்டும். கேட்போம்!